மிஷினுக்கு வைத்த பொட்டு

பொட்டு பெரிதாக ஒன்றுமில்லை. தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைச் சந்தனத்தில் தொட்டு, குங்குமத்தில் தொட்டு, கண்ணாடியில் ஒற்றியெடுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான். மிளகைவிடச் சின்னது. சங்கரி அதை வைத்து இருபது நாள் ஆகிறது. முதல் பதினாலு நாள் அவளுக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை. அடுத்த ஆறு நாள் அவளுக்கு வேறெதுவுமே ஞாபகத்தில் இல்லை.

இப்போது அவள் மையத்தின் மூன்றாவது மாடியில், ஏழாம் எண் கட்டிலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்பதரை. வார்டில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். கட்டிலில் மாடத்தி. பாளையங்கோட்டைக்குத் தெற்கே நாலுவழிச் சாலையோரம் இந்த ஆராய்ச்சி மையம் வந்த நாளிலிருந்து இங்கே தரை பெருக்கித் துடைக்கிறவள். இரண்டு மாதமாக இதே மையத்தின் நோயாளி. சினைப்பையில் புற்று. உடம்புக்கு முடிந்த நாட்களில் அப்போதும் துடைப்பத்தோடு வந்துவிடுவாள்.

காலை ஏழு மணிக்கு அவளுக்குப் புது மருந்தின் முதல் பாட்டில் ஏறப்போகிறது. துணைக்கு ஆளில்லை என்று சங்கரியின் அம்மா உலகம்மாள்தான் மகளை அனுப்பினாள். கீழ்த்தளத்தில் மிஷின் ஓட்டுகிற உலகம்மாளுக்கு இன்று ராத்திரி ஷிப்ட். “பிளஸ் ஒன் புஸ்தகத்த எடுத்துக்கிட்டுப் போ. அங்கன ஏசி இருக்கு, நல்லாப் படிக்கலாம்” என்றாள்.

புத்தகம் மடியில் மூடியபடி கிடந்தது.

“ஏளா சங்கரி, என்ன மூஞ்சி இது, எழவு வீட்டுக்கு வந்தவ மாரி?” என்றாள் மாடத்தி. “மருந்து எனக்குத்தான ஏறப்போவுது, ஒனக்கா?”

“ஒண்ணுமில்ல அத்தை.”

“பரிச்சையா?”

“ம்.”

“பெயிலானா என்கூடத் தொடைக்க வா. சூப்பர்வைசர்ட்ட சொல்லி வைக்கேன்.” சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்து ஒரு கையால் அழுத்திக்கொண்டாள். “புது மருந்துக்குப் பேரு குடுத்த எல்லாருக்கும் கீமோவ நிறுத்தி மூணு வாரமாச்சுல்லா, வாய்க்கு ருசி திரும்பிட்டு. மத்தியானம் ரெண்டு தோசையத் தின்னுட்டு மூணாவதுக்குக் கைய நீட்டுதேன். ஒடம்பு தேறிட்டுன்னு நெனச்சேன். நர்சம்மா சொல்லுதா, அது விஷம் வெளிய போனதால வார பசியாம். நோய் அங்கனயேதான் குத்தவச்சிருக்காம்.”

சங்கரி புத்தகத்தின் முனையை மடக்கி மடக்கி நிமிர்த்தினாள்.

“சரி, அந்தப் பின்வாசல் கதைய இன்னொருக்கச் சொல்லு. ஜெபசிங் சார் சொன்னப்ப பாதிதான் ஏறுச்சு. ஆனா கேக்கக் கேக்கப் பிடிக்கு.”

“இப்பமா?”

“பொறவு எப்ப? காலையில ஊசி போட்டா தூங்கிருவேன்.”

சங்கரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “செல்லுன்னா ஒரு வீடு மாரி அத்தை. ரெண்டு வாசல் இருக்கும். ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு வழியா உள்ள இருக்கவங்க பொழச்சுக்கிடுவாங்க. உங்க கட்டியில இருக்க செல்லுக்கு முன்வாசல் ஏற்கெனவே இடிஞ்சுபோச்சு. அதனாலதான் அது புத்தாச்சு. அதோட பின்வாசல் எதுன்னு கண்டுபிடிச்சு மருந்தால பூட்டிட்டா...”

“உள்ளயே கெடந்து சாவும்.”

“நல்ல செல்லுக்கு முன்வாசல் இருக்கதால ஒண்ணும் ஆவாது.”

“அந்தப் பின்வாசல எப்பிடிக் கண்டுபிடிச்சாவ?”

“ஒரு தட்டுல முந்நூத்தி எண்பத்தினாலு குழி இருக்கும். பணியாரச் சட்டி மாரி, ஆனா குட்டிக் குட்டியா. எல்லாக் குழியிலயும் உங்க கட்டியோட செல்ல விடுவாங்க. குழிக்கு ஒரு ஜீன அணைச்சு வைப்பாங்க. பொறவு அந்தத் தட்ட ரீடர் மிஷினுக்குள்ள வச்சா அது கீழருந்து படம் புடிக்கும். உசுரோட இருக்க செல்லு பச்சையா மினுங்கும். செத்தா இருட்டு. எந்தக் குழி இருட்டா இருக்கோ, அதுல அணைச்ச ஜீன்தான் பின்வாசல்.”

“என் தட்டுல எது இருட்டு?”

“எட்டாவது வரிச. பத்தொம்பதாவது குழி.”

“பாரேன், பரிச்சைக்குப் படிக்காட்டாலும் இத மனப்பாடமா வச்சிருக்கா.”

மனப்பாடமாகத்தான் வைத்திருந்தாள்.

சரஸ்வதி பூஜை அன்று மையத்தில் வேலைசெய்கிறவர்கள் குடும்பத்தோடு வருவது வழக்கம். மைக்ராஸ்கோப், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், கைகழுவும் குழாய் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஜெபசிங் சார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் வருஷா வருஷம் பொரி கடலைக்கு அவர்தான் காசு கொடுப்பார். பூஜை முடிகிற வரை பின்னால் கைகட்டி நின்றுவிட்டு, முதல் பொட்டலத்தை அவரே வாங்கிக்கொள்வார்.

அம்மா குங்குமக் கிண்ணத்தைச் சங்கரி கையில் கொடுத்துச் சொன்னாள்: “ஒண்ணையும் விட்றாத. விட்ட மிஷின்தான் வருஷம் பூராவும் மக்கர் பண்ணும்.”

ரீடர் அறையில் இரண்டு மிஷின்கள். ஒன்று நோயாளியின் கட்டிச் செல்லுக்கு, மற்றது அதே நோயாளியின் நல்ல செல்லுக்கு. நல்ல செல் மிஷினில் தட்டு வைக்கும் டிராயர் பூட்டியிருந்தது. அதற்கு நெற்றியில் வைத்தாள். கட்டிச் செல் மிஷினுக்கு நெற்றியே இல்லை. முன்பக்கம் முழுக்க எச்சரிக்கை ஸ்டிக்கர்கள். எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டிராயரை இழுத்தபோது உள்ளே சதுரமாக ஒரு கண்ணாடி பளபளத்தது. இதுதான் இதன் முகம் என்று தோன்றியது. விரலால் வைத்தால் அப்பிவிடுமே என்று, ரொம்பவும் பக்குவமாக, தீக்குச்சியால் வைத்தாள். நன்றாக ஓடணும் என்று வேண்டிக்கொண்டும்தான் வைத்தாள்.

அதன்பிறகு அவள் பொரி தின்னப் போய்விட்டாள். சாயந்தரம் அறையைப் பூட்டினார்கள். லீவு மூன்று நாளும் ஆளில்லாமலே, தட்டுகளைத் தானே எடுத்துவைத்துக்கொண்டு மிஷின் ஓடியது. பன்னிரண்டு நோயாளிகளின் தட்டுகள், ஒவ்வொன்றும் சரிபார்ப்புக்காக இரண்டு தடவை.

ஆறு நாளுக்கு முன்னால் மையத்தின் கூடத்தில் எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் ஜெபசிங் சார் பன்னிரண்டு தட்டுகளின் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். நோயாளிக்கு நோயாளி அங்கங்கே மங்கலான குழிகள் மாறின. ஒரே ஒரு குழி மட்டும் பன்னிரண்டிலும் கன்னங்கரேலென்று இருந்தது.

“நம்ம ஜில்லாவுல அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள்னு நாலஞ்சு தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே கட்டிட்டு வர்றோம்,” என்றார். “அதனால வர்ற நோயத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கோம். முதல் தடவையா அதுல ஒரு நன்மையப் பாக்குறோம். நம்ம ஆளுங்க கட்டிக்கு ஒரே பின்வாசல். பன்னெண்டு பேருக்கும் ஒரே மருந்து. மருந்து செய்யுற கம்ப்யூட்டர் வேலைய முடிச்சிட்டுது. இந்த வாரமே ஆரம்பிச்சிரலாம்.”

“எனக்குத் தாய்மாமன்தான மாப்பிள்ள,” என்று கூட்டத்திலிருந்து மாடத்தி சொன்னாள். “குடிச்சே செத்தாரு. அவரால எனக்கு இந்த ஒண்ணாச்சும் ஆச்சே.” கூடம் முழுக்கச் சிரித்தது. ஜெபசிங் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சங்கரி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு, வலது பக்கமிருந்து கொஞ்சம் தள்ளி, நடுவுக்குச் சற்று மேலே. அவள் கை அந்த இடத்துக்கு ஒருமுறை போய்வந்திருக்கிறது. பால்கோவா வாயில் கரையவே இல்லை.

அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் மறுநாளே ரீடர் அறைக்குப் போய் டிராயரை இழுத்துப் பார்த்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. யாரோ துடைத்திருக்கிறார்கள். எப்போது? மிஷின் ஓட ஆரம்பிக்கும் முன்னே துடைத்திருந்தால் ஒரு குற்றமும் இல்லை. அந்தக் குழி நிஜமாகவே இருட்டியதாகத்தான் இருக்கும். அந்த ‘இருந்தால்’ என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஆறு நாளைத் தள்ளினாள்.

அம்மாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

“ம்மா, ரீடர் கண்ணாடிய யாரு தொடப்பா?”

“நான்தான். தெனமும் பாத்து, சுத்தமா இருக்குன்னு தாள்ல டிக் அடிக்கணும். ஏன்?”

“சும்மா. பூசை அன்னிக்கும் பாத்தியா?”

உலகம்மாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “அன்னிக்கு எங்க பாக்க? பொரிப் பொட்டலம் மடிக்கவே நேரம் சரியாப் போச்சு. லீவு மூணு நாளைக்கும் சேத்து டிக் அடிச்சிட்டு வந்துட்டேன். வெளிய வாய விட்றாத. தையில என்னைய நிரந்தரம் ஆக்குதேன்னு சொல்லியிருக்காவ.”

அதற்குமேல் சங்கரியால் வாயைத் திறக்க முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து, முதல் மூன்று பேருக்கு மருந்து ஏறத் தொடங்கிவிட்டது என்று அம்மாவே சோறு போடும்போது சந்தோஷமாகச் சொன்னாள். அம்பாசமுத்திரத்து வாத்தியார் ஒருவர், ஏரலில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், கடையநல்லூரில் தையல் தைக்கிற ஒரு அம்மா. சங்கரி தட்டிலேயே கைகழுவினாள்.

“என்னளா, தூங்கிட்டியா?” மாடத்தி கேட்டாள்.

“இல்ல அத்தை.”

“பொறவு ஏன் அழுவுத?”

அழுகிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் படுத்தார். சங்கரி நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். தலையணைக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள். கிண்ணத்தை, ஸ்டிக்கர்களை, தீக்குச்சியை, கண்ணாடியை, பன்னிரண்டு தட்டை. ஒன்றைச் சொல்லிவிட்டு, சொன்னதையே திரும்பச் சொன்னாள். அம்மா அடித்த டிக்கை மட்டும் கடைசியில் சொன்னாள்.

முடிந்ததும் மாடத்தி மெல்லச் சிரித்ததுபோல இருந்தது.

“ஏளா, இதுக்கா? அந்தப் பொட்ட நான்லா தொடச்சேன்.”

சங்கரி கட்டில் கம்பியைப் பிடித்தாள். “எப்ப அத்தை?”

“எப்பன்னா?”

“பூசை அன்னிக்குச் சாயந்தரமா? லீவு முடிஞ்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தை.”

“பூசை அன்னிக்குக் கூட்டம் கலைஞ்சதும் ஒருக்கப் பெருக்குனேன்...”

“அன்னிக்கா? அன்னிக்கேவா?”

“இரு, இரு. கூடத்தத்தான் பெருக்குனேன். ரீடர் ரூம அதுக்குள்ள பூட்டிட்டாவ.” மாடத்தி கண்ணை மூடி யோசித்தாள். “பொறவு தொறந்தப்பதான். ஆமா. தரையெல்லாம் எறும்பு. யாரோ பொரியச் சிந்திட்டுப் போயிருக்காவ. சன்னல்லருந்து மிஷினு கால் வரைக்கும் ரோடு போட்ட மாரி போவுது. எறும்பு உள்ள பூந்திருக்கான்னு டிராயர இழுத்துப் பாத்தேன். செவப்பா ஒரு பொட்டு, காய்ஞ்சு பொருக்காக் கெடந்து. இம்புட்டு நுணுக்கமா வேற யாரு வைப்பா, நீதான். சார் கண்ணுல பட்டா ஒனக்கும் ஒங்கம்மைக்கும் திட்டு விழுமேன்னு, முந்தானையில எச்சி தொட்டுத் தொடச்சேன். யார்ட்டயும் மூச்சு விடல.”

சொல்லிவிட்டு, செய்த நல்லதுக்குப் பதில் எதிர்பார்ப்பவள்போலச் சங்கரியின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் இருந்ததைப் பார்த்து அவளாகவே பின்னோக்கி எண்ணினாள். பூட்டிய அறை. மூன்று நாள் எறும்பு. காய்ந்த பொட்டு.

“அப்ப என் தட்டு ஓடுனப்பவும் அது அங்கனதான் இருந்திருக்கு.”

“ஆமா அத்தை.”

“குழி இருட்டல. பொட்டு மறைச்சிருக்கு.”

“ஆமா.”

மாடத்தி கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். அப்படியே கேட்டாள்: “அப்ப எனக்குப் பின்வாசல் எது?”

“தெரியாது. மறுபடியும் தட்டுப் போட்டுப் பாக்கணும். மருந்து செஞ்சு வர இருவது நாள் ஆவும்.”

“இருவது நாளா?” மாடத்தி வயிற்றின்மேல் கையை வைத்து, உள்ளே இருப்பதைக் கேட்பதுபோல இருந்தாள். “இருக்கும். அது வரைக்கும் இருப்பேன்.” பிறகு சங்கரியின் கையைத் தேடிப் பிடித்தாள். குரல் பழைய குரலானது. “நீ இத யார்ட்டயும் சொல்லாத. காலையில நான் மருந்து வேண்டாம்ங்கேன். நாள் சரியில்ல, சாமி கனவுல வந்து தடுத்துட்டுன்னு சொல்லிக்கிடுதேன். என்னைய மாரி ஆளு சொன்னா அவிய காரணம் கேக்க மாட்டாவ, தலையிலதான் அடிச்சுக்கிடுவாவ. எனக்குச் சாமி சொன்னாத்தான் திருப்தி, இன்னொருக்கத் தட்டுப் போடுங்கன்னு அடம் புடிக்கேன். சார் போடுவாரு, எம்மேல அவருக்குப் பிரியம். ஒங்கம்மை வேலைக்கும் பாதகமில்ல. ஒன் பேரும் வராது.”

சங்கரிக்குள் ஆறு நாளாக முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. அத்தைக்கும் ஒன்றும் ஆகாது. சரி என்று தலையாட்டிக்கூட விட்டாள். ஆட்டிய பிறகுதான் தையல் தைக்கிற அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். அவளை இவள் பார்த்ததே இல்லை. பெயரும் தெரியாது.

“மத்த பதினோரு பேரு, அத்தை?”

மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அவிய யாரு எவருன்னு நமக்குத் தெரியுமா?”

“மூணு பேருக்கு நாலு நாளா ஏறுது. நான் அன்னிக்கே சொல்லியிருந்தா ஏறியிருக்காது.”

“ஏளா, சின்னப் பிள்ள நீ. ஒந்தலையில இதெல்லாம் எதுக்கு? நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேன்லா.” மாடத்தி போர்வை நுனியை எடுத்து, சங்கரியின் கன்னத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுவந்தாள்.

சங்கரி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இந்தத் தடவ தொடைக்காதீங்க அத்தை.”

கீழ்த்தளத்தில் உலகம்மாள் மகள் சொன்னதை நின்றபடியே கேட்டாள். அடிக்கவில்லை. கையில் இருந்த தாள் அட்டையை மேஜையில் வைத்தாள். மறுபடியும் எடுத்து, இருபது நாள் முன்னால் போட்ட மூன்று டிக்கையும் பார்த்தாள். “நீ வைக்காட்டாலும் நான் பாத்திருக்கணும்லா,” என்றாள். அவளே ஜெபசிங் சாருக்குப் போன் போட்டாள்.

அவர் பைக்கில் வந்தார், லுங்கியின்மேல் சட்டை மாட்டிக்கொண்டு. முழுவதும் கேட்டுவிட்டு, “கண்ணாடியில குங்குமம் இருந்துச்சுன்னா கண்ணாடி இப்ப சுத்தமா இருக்கே. ஒரு சின்னப் பிள்ள பேச்ச நம்பி பன்னெண்டு பேரோட மருந்த நிறுத்தச் சொல்றீங்களா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல இருந்தது.

“வச்சுக் காட்டட்டுமா சார்?” என்றாள் சங்கரி.

சாமி படத்துக்குக் கீழே பூஜையன்று வைத்த குங்குமக் கிண்ணம் அப்படியே இருந்தது. ஜெபசிங் சாரே மிஷினைச் சோதிக்கும் தட்டை எடுத்துவந்தார். செல் எதுவும் கிடையாது, முந்நூற்று எண்பத்து நாலு குழியிலும் பச்சையாக மினுங்கும் மைதான். எல்லாக் குழியும் எரிந்தே ஆகவேண்டும். அம்மா சந்தனத்தைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, தீக்குச்சியும் கொடுத்தாள். சங்கரி அதைச் சந்தனத்தில் தொட்டு, குங்குமத்தில் தொட்டாள். எந்த இடம் என்று யோசித்தால் தவறிவிடும் என்று தோன்றியதால், யோசிக்காமல், அன்றைக்குப் போலவே குனிந்து, கண்ணாடியைப் பார்த்து, இதுதான் இதன் முகம் என்று நினைத்துக்கொண்டு வைத்தாள்.

மிஷின் தட்டை உள்ளே வாங்கிக்கொண்டது. திரையில் பச்சை வரிசை வரிசையாக எரிந்தது.

ஒரு குழி எரியவில்லை.

ஜெபசிங் சார் விரலை வைத்து எண்ணினார். மேலிருந்து எட்டு. இடது பக்கத்திலிருந்து எண்ணும்போது பதினெட்டுக்கு வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு பத்தொன்பதில் போய் இறங்கியது.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “பன்னெண்டுலயும் ஒரே குழி இருட்டா வந்தப்ப, முதல்ல மிஷினத்தான் சந்தேகப்பட்டேன்,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “போய்க் கண்ணாடியப் பாக்கணும்னு எழுந்தேன். அப்பதான் சொந்தத்துல கல்யாணம்ங்கிற யோசனை வந்துச்சு. அது அவ்வளவு நல்லா இருந்துச்சு. மறுபடி உக்காந்துட்டேன்.”

உலகம்மாள் பஞ்சை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

“விடு உலகம்மா,” என்றார். “இருக்கட்டும். காலையில எல்லாரும் பாக்கணும்.”

ஏழாம் எண் கட்டிலுக்கு மருந்து ஏற்ற வேண்டாம் என்று மேலே சொல்லியனுப்பினார். விடியட்டும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு நோயாளிகளின் பட்டியலை எடுத்தார். மருந்து ஏற ஆரம்பித்து, தினமும் வீட்டிலிருந்து வந்துபோகிற மூன்று பேரை முதலில் கூப்பிட வேண்டும். சங்கரியை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் நகரவில்லை. உலகம்மாளும் போ என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, அம்பாசமுத்திரத்து எண்ணை அழுத்தினார்.

இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குக்கர் சத்தம்.

“சாரா? ஐயோ, நானே கூப்புடணும்னு இருந்தேன் சார். நேத்து ராத்திரி இவுங்க நாலு இட்டிலி சாப்பிட்டாங்க. நாலு. சட்டினி இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டுச் சாப்பிட்டாங்க. எத்தன மாசமாச்சு சார், அவுங்க கேட்டுச் சாப்பிட்டு. உங்க மருந்துதான் சார். உங்களுக்கெல்லாம் எப்பிடி நன்றி சொல்லன்னு தெரியல.”

ஜெபசிங் சார் வாயைத் திறந்தார். எந்தப் பசி அது என்று அவருக்குத் தெரியும். சங்கரிக்கும் தெரியும்.

“சார்? கேக்குதா சார்? இருங்க, அவுங்களே பக்கத்துல இருக்காங்க, குடுக்கேன்.”

போன் கைமாறும் சத்தம். ஒரு இருமல். பிறகு, வகுப்பில் பேசிப் பழகிய, தெளிவான குரல் ஒன்று அந்த அறைக்குள் வந்தது.

“வணக்கம் சார். நல்லா இருக்கேன். சொல்லுங்க.”